வெறும் வயிற்றில் ஒரு செட்டு

நாற்பது சார் என்கிறான் ஒருத்தன், ஐம்பது சார் என்கிறாள் ஒருத்தி, கண்ணாடி போட்ட ஒல்லிக்குச்சி முப்பத்தைந்து என்று தொண்டைக்குள்ளேயே சொல்லித் தொண்டைக்குள்ளேயே விழுங்கிக்கொள்கிறது, தக்காளி ஏலம் கேட்கிறவர்களாவது கூடைக்குள் கையை விட்டு ஒரு பழத்தை அமுக்கிப் பார்ப்பார்கள், டாக்டருக்குப் படிக்கிற இவர்கள் அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு அப்பாவைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், ஜன்னலை, அவரவர் செருப்பை, பெரிய டாக்டரின் மீசையை. பெரிய டாக்டருக்கு மூக்கில்தான் பேச்சு. ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரு ம்? வைப்பார், ஆணி அடிக்கிற மாதிரி. "ரத்த வாந்தின்னு இங்க வர்றவன்ல நூத்துக்கு எத்தனை பேருக்கு அல்சர், ம்? எத்தனை பேருக்குக் குடிச்சுக் குடிச்சு உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் புடைச்சு வெடிக்குது, ம்? வேற வியாதிக்கு வந்து படுத்தவன், படுத்த இடத்துல ரத்தம் கக்குறான், அது எத்தனை, ம்?" அந்த ம்?-ஐ நான் நேற்றே பிடித்துவிட்டேன். மூக்கின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு வயிற்றைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் போதும், தானாக வந்துவிடும். "மண்டை உடைஞ்சு வந்தவனுக்கும் வரும், தீக்காயத்துக்கு வந்தவனுக்கும் வரும், நெஞ்சு வலிக்கு நாமளே மாத்திரை குடுப்போம், அதுலயும் வரும். சும்மா புஸ்தகத்த ஒப்பிக்காத. இந்த ஆளு எந்தக் கணக்கு?" ஒல்லிக்குச்சி அப்பாவைப் பார்க்காமலே சொன்னது, "ஆல்கஹாலிக் சார்." அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாரையோ சொல்கிற மாதிரி. "சரி, நூத்துல எத்தனை பேரு போயிருவான்?" பத்து சார் பத்து சார் பத்து சார். அல்சருக்கு ஆளுக்கொரு விடை சொன்ன கூட்டம் சாவுக்கு மட்டும் ஒரே குரலில் சொல்லிற்று, பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்கிற மாதிரி. "ரெண்டாம் தடவை கக்குனா?" கூடும் சார். "இவரு?" நேத்து மத்தியானம் ரெண்டாம் தடவை சார். பெரிய டாக்டர் அதற்கு ம்? வைக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வைத்துத் தொலைத்திருக்கலாம்.

ஆல்கஹாலிக். உச்சிமாகாளி, வயது நாற்பத்தெட்டு, புரோட்டா மாஸ்டர், ஆல்கஹாலிக். இந்த மனுசன் சோடா குடித்தாலே ஏப்பம் வந்து கண் கலங்குகிற ஆள். கடையில் எல்லோரும் பின்பக்கம் போய் வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்கள், இவர் மட்டும் ஒரு டம்ளர் டீயைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறவிட்டு ஆறவிட்டு குடிப்பார். குடிகாரனாக்கினது என் மாமா. ஆவுடையப்பன், அம்மாவின் தம்பி, ஆவுடை மெடிக்கல்ஸ். பத்தாவது முடித்துவிட்டு யாரோ ஒருத்தர் மருந்துக்கடையில் அட்டைப்பெட்டி பிரிக்கப் போனவர், இப்போது கடையே அவர் கையில். லைசென்ஸ் மட்டும் மதுரைப் பக்கம் ஒரு படித்த ஆளுடையது, அந்த ஆள் சுவரில் போட்டோவாக மட்டும்தான் கடைக்கு வருவார். முதல்நாள் அப்பாவை ஆட்டோவிலிருந்து இறக்கும்போது டியூட்டி டாக்டர் கேட்டது, குடிப்பாரா, வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுவாரா. ரெண்டே கேள்வி. அம்மா என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், மாமா குறுக்கே கையை நீட்டினார், ரயில்வே கேட் இறங்குகிற மாதிரி. "நோ டேப்ளட் சார். ட்ரிங்ஸ்தான் சார். ஒன்லி அக்கேஷனல். பட் ரெகுலர்." எப்பவாவது, ஆனால் தினமும். இந்த இங்கிலீசுக்கு மட்டும் நோய் கண்டுபிடித்து மருந்து கொடுக்க ஆள் இல்லை. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டது. சிரிப்பு வந்தது எனக்கு, சத்தியமாக. ஸ்ட்ரெச்சரில் அப்பா வாயோரம் கருஞ்சிவப்பாய் ஒழுகிக்கொண்டு கிடக்கிறார், எனக்குச் சிரிப்பு, பட் ரெகுலர் பட் ரெகுலர் என்று நாக்கு உள்ளுக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறது, அந்த ர-வை மாமா எப்படி உருட்டினார் என்று. இந்த நாக்குக்கு நேரம் காலம் கிடையாது.

அம்மாவாவது சொல்லியிருக்கலாம். பேச்சியம்மாள் என்று பெயர் வைத்துக்கொண்டு பேசவேண்டிய இடத்தில் மட்டும் பேசமாட்டாள். வராந்தாவில் வைத்துக் கேட்டேன், எதுக்கும்மா அப்பாவைக் குடிகாரன்னு சொல்லுதாவ, நீ ஏன் வாய மூடிட்டு நிக்க. "ஏட்டி, பைய பேசு. குடிகாரன்னா என்ன இப்ப? எந்த வீட்டுல இல்ல? நாலு நாள் பேசுவாவ, மறந்துருவாவ. என் தம்பி கடைக்கு சீல் வச்சா யாரு தெறந்து விடுவா, நீ தெறந்து விடுவியா?" அவ்வளவுதான் அம்மாவின் தராசு. ஒரு தட்டில் புருசன் மானம், ஒரு தட்டில் தம்பி கடை, தட்டுத் தரையில் இடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. இதில் பெரிய கூத்து, அப்பாவும் சம்மதித்ததுதான். சம்மதம் என்றால் வாயால் இல்லை, மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தது, தலையை மட்டும் ஆட்டினார். மாமா குனிந்து, அத்தான், கேட்டாவன்னா குடிப்பேன்னு சொல்லிருங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன் என்றார். அத்தான் தலையை ஆட்டியது. பூம்பூம் மாடு ஆட்டுகிற மாதிரி. இந்தத் தலையாட்டலைப் பார்க்கும்போது எனக்கு வருகிற ஆத்திரம் மாமாவின் மேல்கூட வராது. மாமா தன் வயிற்றுக்காகப் பொய் சொல்கிறார், இவர் யார் வயிற்றுக்காக? ஓட்டை விழுந்தது இவர் வயிற்றில்.

பக்கத்துக் கட்டில் தவசிக்கண்ணு, அவர்தான் ஒரிஜினல். கண் மஞ்சள், வயிறு பானை, கை கால் குச்சி, மூன்றாவது முறையாக உள்ளே வந்திருக்கிறார், வார்டில் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், சிஸ்டரின் கல்யாண நாள்கூட அவருக்குத் தெரியும். அப்பா குடிகாரர் என்று கேட்டதும் மனுசனுக்கு அப்படி ஒரு சந்தோசம், சம்பந்தி வீட்டார் வந்த மாதிரி திரும்பிப் படுத்துக்கொண்டார். "அண்ணாச்சி, நீங்க எந்தக் கடை? பஸ் ஸ்டாண்டா, ரயிலடியா?" அப்பா விழித்தார். "சரி, பிராந்தியா ரம்மா?" அப்பா யோசித்துவிட்டு, ஆமா என்றார். ரம்மா பிராந்தியா என்றால் ஆமா! தவசி கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏ பிள்ள, உங்க அய்யா நம்ம ஜாதியில்லயே. வாங்குன கடை தெரியாத குடிகாரன நான் இன்னும் பாக்கல." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆறேழு டாக்டர் கண்டுபிடிக்காததை ஒரு குடிகாரர் ஒரு நிமிசத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் தவசி சொல்லை யார் கேட்பது? என் சொல்லைத்தான் யார் கேட்பது? வந்த மறுநாள் தடுப்புத் துணிக்குப் பின்னால் நின்றுகொண்டு சிஸ்டர் குரலில், "கூட இருக்கிறவங்கள்லாம் வெளிய போங்க, ஒரு தடவை சொன்னா புரியாதா" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். வார்டே எழுந்து தூக்குவாளியும் பாயுமாக வெளியே போய்விட்டது, ஒரு கிழவர் டிரிப்ஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு தானும் கிளம்பிவிட்டார். ஆகா, அந்த ஓட்டம்! அதற்காக இன்னொரு முறை கூடத் திட்டு வாங்கலாம். ஆனால் அதற்கப்புறம் ஒல்லிக்குச்சியிடம் போய், டாக்டர், எங்கப்பா குடிக்க மாட்டாவ, வலிக்கு மாமா குடுக்கிற மாத்திரைச் செட்டுதான் போடுவாவ என்றால் அது சிரிக்கிறது. "இது யார் குரல்? நல்லாருக்கே. என் குரல்ல ஒண்ணு பண்ணிக் காட்டேன்." காட்டினேனே, முப்பத்தைந்து சார் என்று தொண்டைக்குள்ளேயே விழுங்கி. கைதட்டிவிட்டுப் போய்விட்டது, கூறுகெட்ட மூதி.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்கு அவசரம், சக்கரம் ஒன்று கோணல், அப்பாவை நெல் மூட்டை மாதிரி குலுக்கிக்கொண்டு போகிறார், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற அறை புதுக் கட்டிடத்தில், சரிவுப் பாதையில் இறங்கவேண்டும். அம்மா ஒருபக்கம் போர்வையைப் பிடித்துக்கொண்டு, மாமா மறுபக்கம், மாமாவின் சட்டைப்பையில் பேனா, பேனாவுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு காகித உறையின் நுனி. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டு வருகிறேன். விடிந்ததிலிருந்து அதைத்தான் பார்க்கிறேன். நேற்று மத்தியானம் அந்த மாதிரி ஒரு உறை இருந்தது, அப்பா தோளைத் தடவிக் காட்டினார், மூக்குக் குழாயை எடுத்திருந்த நேரம், மாமா சிஸ்டர் போகிறவரை நின்று, உறையைக் கிழித்து அப்பா வாயில் தட்டி, ஒரு மிடறு தண்ணீர், எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். நான் கதவுப் பக்கம் நின்றேன். பல் தேய்த்துவிட்டு வந்த வாயோடு நின்றேன் என்று ஞாபகம், இல்லை, அது காலையில், இது மத்தியானம், ஞாபகம் ஏன் இப்படிக் குழம்புகிறது. கொஞ்ச நேரத்தில் அப்பா கட்டிலுக்கு வெளியே குனிந்தார். அவ்வளவு ரத்தம் ஒரு ஆளுக்குள் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், போங்க சார் என்றிருப்பேன். வேண்டுமென்று செய்யவில்லை மாமா. அதுதான் இன்னும் கேவலம். வேண்டுமென்று செய்தால் வில்லன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இவர் பாசத்தில் செய்கிறார். மாமாவுக்கு நிசமாகவே நம்பிக்கை, தன் செட்டு யாரையும் ஒன்றும் செய்யாது, வேறு எதனாலோதான் ரத்தம் வருகிறது, ஆனால் கேட்டால் மட்டும் சொல்லக்கூடாது.

கதவை மூடிவிட்டார்கள். அப்பா உள்ளே. பெஞ்சில் அம்மா, மாமா, நான். சிவப்பு பல்பு எரிகிறது. தொண்டையில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, வாயில் வளையம் வைத்து, பாம்பு மாதிரி கருப்பாய் ஒன்றை விடுவார்களாம், தவசிதான் சொன்னார், முழுங்கு முழுங்குன்னுவான் அண்ணாச்சி, முழுங்கிருங்க, மறுத்தா வலிக்கும். அப்பா மறுக்கமாட்டார். யார் எதைக் கொடுத்தாலும் விழுங்குவார். மாமா கடை கவுண்டர், சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் நான் அங்கே நிற்பேன், மாமா குரல் எனக்கு மனப்பாடம். "என்ன, இடுப்பா? தோளா? இந்தா, கைகண்ட செட்டு. வெறும் வயித்துல போட்டாத்தான் சட்டுனு கேக்கும், ஒரு டீயக் குடிச்சிட்டு வேலையப் பாரு." மஞ்சள் ஒன்று, வெள்ளை ரெண்டு, அட்டையிலிருந்து நறுக்கிக் காகித உறைக்குள் போட்டு நுனியை மடிப்பார், பிரசாதம் மடிக்கிற மாதிரி. கட்டிட வேலைக்குப் போகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பீடி சுற்றுகிற பொம்பளைகள், வரிசை நிற்கும், ஊரே வலியோடுதான் இருக்கிறது, ஊரே வெறும் வயிற்றில்தான் போடுகிறது. அத்தானுக்கு மட்டும் ஸ்பெஷல், தினமும் ஒரு செட்டு வீட்டுக்கே வரும். மாவைத் தூக்கி வீசி வீசி அப்பாவின் வலது தோள் இறங்கிப்போயிருந்தது, சட்டை ஒருபக்கம் தொங்கும், நான் அந்த நடையைச் செய்து காட்டுவேன், கடைப் பையன்கள் சிரித்துச் சாவார்கள், அப்பாவும் சிரிப்பார். பிறகு வெளிக்குக் கருப்பாகப் போக ஆரம்பித்தது. தார் மாதிரி இருக்கு என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது, அம்மா அது கல்லுச் சூடு என்றாள், வெந்தயம் ஊறப்போட்டாள். மாமாவைக் கேட்டார்கள். மாமா செட்டில் காவி நிறத்தில் இன்னொரு மாத்திரை சேர்த்தார், சூட்டுக்கு. அறிவு! என்ன ஒரு அறிவு! மூன்று பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு கருப்பை வெந்தயத்தால் வெளுக்கப் பார்த்தார்கள்.

நூற்றுக்குப் பத்து. இதை ஏன் நினைக்கிறேன். நினைக்கமாட்டேன். கணக்கு டீச்சர் குரலில் நினைத்தால் பயம் தெரியாது, செய்து பார்க்கலாம். பிள்ளைகளா, ஒரு ஊரில் நூறு பேர் ரத்தம் கக்குகிறார்கள், பத்துப் பேர் இறந்துவிடுகிறார்கள், எனில் மீதி எத்தனை? தொண்ணூறு டீச்சர். கெட்டிக்காரி, உட்கார். மீதியில் அப்பா இருக்கிறாரா டீச்சர்? அது பாடத்தில் இல்லை. எங்கள் வகுப்பில் நாங்கள் ஐம்பது பேர், பக்கத்து வகுப்பையும் சேர்த்தால் நூறு வரும், அதில் பத்துப் பேரை எழுந்து நிற்கச் சொன்னால் யார் நிற்பார்கள், வாத்தியார்கள் எப்போதும் எழுப்புகிற அதே பத்துப் பேர், யூனிஃபார்ம் வெளுத்தவர்கள், பதில் தெரிந்தாலும் சொல்லாதவர்கள். அப்பா அந்த மாதிரி ஆள். எழுந்திரு என்றால் எழுந்திருப்பார். ஏன் என்று கேட்கமாட்டார். ரெண்டாம் தடவை கக்கினால் கூடும் என்றார்களே, எவ்வளவு கூடும், பதினைந்தா, இருபதா, அந்த ஏலத்தை மட்டும் ஏன் பாதியில் விட்டார்கள். சாயங்காலம் முதல் ஈடு மாவு தயாராகிற நேரத்தில்தான் அப்பாவுக்கு முதல் தடவை வந்தது. கல்லு முன்னால் நின்றவர் சட்டென்று முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டாராம், மாவுத் தட்டு இடப்பக்கம் இருந்ததால். கடைக்காரர் பெருமையாகச் சொன்னார், ஒரு சொட்டு மைதால விழல தெரியுமா, அப்படி ஒரு தொழில் பக்தி. தூ. தொழில் பக்தி. உயிர் போகிறபோதும் புரோட்டா கெடக்கூடாது. நான் சிரித்தேன் அதைக் கேட்டு, அப்புறம் கழிவறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன், யார் குரலில் அழுவது என்று தெரியாமல்.

"என்னட்டி வாய்க்குள்ளயே முணங்குத?" மாமா. "உள்ள போய் எங்கயும் உன் கூத்த காட்டிராத, தாயி. பெரிய பெரிய டாக்டரெல்லாம் எனக்குப் பழக்கம், அசிங்கமாப் போயிரும்." பெரிய பெரிய டாக்டர்களுக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவர்களைத் தெரியும், நிலாவை நமக்குத் தெரிகிற மாதிரி. நான் கேட்டேன், "மாமா, சட்டைப்பையில என்ன?" மாமா பேனாவைத் தொட்டார். "பேனா." பேனாவுக்குப் பின்னால? அம்மா என் தொடையில் கிள்ளினாள், நல்ல கிள்ளு, நகம் வைத்து. "சும்மா இருக்க மாட்டியா? அவன் அத்தானுக்காகக் கடைய அடைச்சிட்டு நாலு நாளா இங்கன கெடக்கான்." கிடக்கிறார்தான். காலையில் இட்லி வாங்கி வருகிறார், ரத்தம் கொடுக்க ஆள் பிடித்து வந்தார், தானும் கொடுத்தார், ஒரு கையால் ரத்தம் கொடுத்துவிட்டு மறு கையால் செட்டுக் கொடுக்கிறார். இந்த ஆளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பெரிய டாக்டரைத்தான் கேட்கவேண்டும், ம்? சொல்லிவிடலாம். கதவு திறந்ததும் எழுந்து நின்று சொல்லிவிடலாம். என்ன சொல்வது? எங்கள் மாமா மருந்து கொடுத்தார் என்றால் கொலைகாரன் மாதிரி இருக்கிறது. எங்கப்பா குடிக்கமாட்டார் என்றால் எல்லா வீட்டுப் பிள்ளையும் சொல்கிற மாதிரி இருக்கிறது. மாத்திரை என்று ஆரம்பித்தால் போதும். மா. முதல் எழுத்தே நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. ஊரில் உள்ள அத்தனை பேர் மாதிரியும் பேசுகிற நாக்கு, த்தூ, இந்த ஒரு வாக்கியத்துக்கு முறுக்கிக்கொள்கிறது.

கதவு திறந்தது. லேடி டாக்டர், சின்ன வயசுதான், கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தது, களைத்துப்போன முகம், இதன் குரல் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "உச்சிமாகாளி கூட யாரு?" நாங்கள் மூன்று பேரும் எழுந்தோம். "இரைப்பை முடியிற இடத்துல பெரிய புண்ணு. அதுல ஒரு ரத்தக்குழாய் திறந்து கிடந்தது. ஊசி போட்டு, கிளிப் போட்டு அடைச்சிருக்கேன். இன்னொரு தடவை திறந்ததுன்னா அறுவை சிகிச்சைதான், அதுக்கு அவரு உடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாது." அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். "இவரு குடிப்பாருன்னு எழுதியிருக்கு. குடிக்கிறவருக்கு உணவுக்குழாய்ல புடைச்சிருக்கும். இவருக்கு ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்கு. இந்த மாதிரி புண்ணு வலி மாத்திரையில வரும். ஏதாவது போடுவாரா? தெரிஞ்சாத்தான் நிறுத்த முடியும். நிறுத்தலன்னா நான் அடைச்சது நிக்காது." மாமா பனியன் தெரிய நெஞ்சை நிமிர்த்தினார். "நோ மேடம். நெவர். நான் அந்த லைன்ல இருக்கேன் மேடம், எனக்குத் தெரியாம ஒண்ணும் போகாது." டாக்டர் அம்மாவைப் பார்த்தது. அம்மா தரையைப் பார்த்தாள். டாக்டர் என்னைப் பார்த்தது. மா, என்றேன். அவ்வளவுதான். மா. கன்றுக்குட்டி மாதிரி.

அப்போது அப்பாவை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் மைதா வெள்ளை, வாயோரம் எச்சில் ஒழுகுகிறது, மரத்த தொண்டையில் பேச்சு வரவில்லை. சுற்றிலும் பார்த்தார், டாக்டரைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி, என்னைத் தாண்டி, மாமாவைக் கண்டுபிடித்தார். இடது கையைத் தூக்கி வலது தோளைத் தடவினார். ரெண்டு முறை. அப்புறம் கட்டைவிரலையும் ரெண்டு விரலையும் சேர்த்து வாய்ப் பக்கம் கொண்டுபோனார். டாக்டருக்கு எதிரிலேயே. மாமாவின் கை, நான் சாமி சத்தியமாகச் சொல்கிறேன், மாமாவுக்குத் தெரியாமலே, சட்டைப்பைக்குப் போனது. பாதியில் நின்றது. எனக்கு அந்த ஒரு நொடி போதும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பையிலிருந்து சாக்பீஸ் எடுக்கிற விரல் இது, பேனா கீழே விழாமல் உறையை மட்டும் உருவி டாக்டர் கையில் வைத்தேன்.

"ஏட்டி!" என்றாள் அம்மா. டாக்டர் உறையைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டிற்று. மஞ்சள், வெள்ளை, வெள்ளை, காவி. பேரில்லை, அட்டையில்லை, ஒன்றுமில்லை. டாக்டர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தது, தனக்குத்தானே சொல்லிக்கொண்டது, "இது என்னன்னு எப்படித் தெரியும்?" இப்போது மாமா ஓடியிருக்கலாம். எனக்குத் தெரியாது மேடம், யாரோ கொடுத்தது என்றிருக்கலாம், அழுதிருக்கலாம். ஆனால் ஒரு டாக்டர், அதுவும் படித்த டாக்டர், ஒரு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தெரியவில்லை என்கிறது, ஆவுடையப்பனுக்குத் தெரிகிறது, பத்தாவது படித்த ஆவுடையப்பனுக்கு. ஆயுசுக்கும் இந்த நிமிசத்துக்காகத்தான் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறார். "அந்த மஞ்சள் டைக்ளோ, மேடம், வலிக்கு. அம்பது. காவி ஐபுபுரூபன், வலிக்கும் சூட்டுக்கும். சின்ன வெள்ளை ஸ்டீராய்டு, மேடம், லோ டோஸ்தான், உடம்பு கலகலன்னு இருக்கும்." விரலை நீட்டி, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு, கண்ணெல்லாம் வெளிச்சம். "இன்னொரு வெள்ளை பாரசிட்டமால். நானே சேர்த்த காம்பினேசன்." டாக்டர் மெதுவாகக் கேட்டது, "வயித்துக்கு எதுவும் குடுக்கலயா?" "அதெல்லாம் பழகிரும் மேடம்." "எவ்வளவு நாளா?" "ரெண்டு வருசம். தினம் ஒண்ணு. ஒரு நாள் விடல," என்றார் மாமா, கடைசிச் சொல்லின் நடுவில்தான் அவர் முகம் மாறியது, சொன்ன வாய் திறந்தபடியே நின்றது.

டாக்டர் சத்தம் போடும் என்று நினைத்தேன். போடவில்லை. நாலு மாத்திரையையும் திரும்ப உறைக்குள் போட்டு மேல்கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டது. "நீங்க என்கூட உள்ள வாங்க" என்றது மாமாவிடம், மாமா போனார், பேனாவைச் சரிசெய்துகொண்டே. அம்மா அவர் பின்னால் ரெண்டடி போனாள், அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள், என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையை நான் கொஞ்ச வருசத்துக்கு வாங்கிக்கொண்டுதான் இருக்கவேண்டும். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்ள எங்க போறான் என்கிற மாதிரி அந்தப் பக்கமே பார்த்தார், தோளை மறுபடியும் தடவினார், இந்த முறை என்னிடம். "இனிமே கெடையாது" என்றேன். விரலை வாய்ப் பக்கம் கொண்டுபோனார். "கெடையாதுப்பா. வலிச்சா வலிக்கட்டும்." கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னவோ சொன்னார், மரத்த நாக்கில் எழுத்தெல்லாம் கூழாக வந்தது, திட்டினார் என்றுதான் நினைக்கிறேன், பதினாறு வருசத்தில் என்னை முதல்முறையாகத் திட்டினார். ஸ்ட்ரெச்சர்காரர் கிளம்பலாமா என்றார். இருங்க என்று சொல்லிவிட்டு அந்த இறங்கிப்போன தோளில் ரெண்டு கையையும் வைத்து அழுத்தினேன், எலும்புக்கு மேலே மாவு மாதிரி மெத்தென்று ஒன்றுமில்லை, கயிறுகயிறாக முடிச்சுதான், கட்டைவிரலை நன்றாக உள்ளே விட்டு, பாவம் பார்க்காமல் அழுத்தினேன். ஆ என்றார். அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம் என்று கையால் காட்டினார்.